சுமப்பவன் கடன்

பள்ளிபாளையத்து விசைத்தறிகளில் நெய்யப்பட்ட துணி, காவிரிப் பாலத்தைக் கடந்து ஈரோட்டுச் சந்தையை அடைந்து, அங்கிருந்து லாரியேறித் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறும்போது, அதன் உடையவர் கையில் எஞ்சுவது, சரக்கைப் பெற்றதற்குக் கப்பல்காரர் தரும் 'பில் ஆஃப் லேடிங்' என்னும் ஒரு காகிதமே. முகமறியாத மாலுமிகளை நம்பிப் பல குடும்பங்களின் உழைப்பைக் கடலிடம் ஒப்படைக்கும் இச்செயலினுள் ஆழ்ந்த தர்ம விசாரம் ஒன்று அடங்கியிருக்கிறது. பிறர் பொருளைச் சுமப்பவன் அதற்கு எதுவரை பொறுப்பாளி? எந்த இடத்தில் அவன், 'இதற்குமேல் தெய்வச் செயல்' என்று சொல்லிக் கையை விரிக்க உரிமை பெறுகிறான்?

மநு தர்ம சாஸ்திரத்தின் 8-ஆம் அத்தியாயம், ஓடக்காரர்களின் குற்றத்தால் ஓடத்திலுள்ள பொருளுக்குச் சேதம் நேர்ந்தால் அவர்கள் எல்லோரும் கூடித் தத்தம் பங்கைக் கொடுத்து ஈடு செய்ய வேண்டும் என்றும், தைவிகமாக நேர்ந்ததற்குத் தண்டம் இல்லை என்றும் விதிக்கிறது. அந்நூலில் நம் நெஞ்சம் ஏற்க மறுப்பவை பல உண்டு. ஆயினும் இவ்விடத்தில் நியாயம் நேராகவே நிற்கிறது. யாக்ஞவல்கிய ஸ்மிருதியோ, அரசனாலும் தெய்வத்தாலும் அன்றி வேறு விதத்தில் அழிந்த பண்டத்துக்குச் சுமந்தவனே ஈடு தர வேண்டும் என்கிறது. இங்கிலாந்தில் 1703-இல் நீதிபதி ஹோல்ட், கூலிக்கு யார் பொருளையும் சுமக்கும் பொதுச் சுமையாளனுக்கு விலக்கு அளிப்பவை கடவுளின் செயலும் அரசனுடைய பகைவரின் செயலுமே என்று உரைத்தபோது, நம் ஸ்மிருதிகாரரை அவர் அறிந்திருக்க நியாயமில்லை. தேசத்தாலும் காலத்தாலும் அகன்று நின்ற இருவர் ஏறக்குறைய ஒரே எல்லைக்கோட்டைக் கிழித்தார்கள் என்பது எண்ணி எண்ணி வியக்கத்தக்கது.

பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேண வேண்டும் என்னும் வணிக நெறியை வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தில் வைத்தார். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவும், விவேகமுள்ள ஒருவன் தன் பொருளிடத்துக் காட்டும் கவனத்தையே அடைக்கலமாகப் பெற்றவனிடம் எதிர்பார்க்கிறது. ஆனால் ஐராவதி நதியில் ஏற்றிச் சென்ற பஞ்சு தீக்கிரையான வழக்கில், 1891-இல் லண்டன் பிரிவி கவுன்சில், பொதுச் சுமையாளனுக்கு இந்த அளவுகோல் போதாது, அவன் கவனமாக இருந்தானா இல்லையா என்று பாராமலே ஈடு தரக் கடமைப்பட்டவன் என்று தீர்ப்பளித்தது. இது கொடுமையாகத் தோன்றலாம்; எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பொருளைக் கொடுத்தவன் கரையில் நிற்கிறான். நடந்ததற்குச் சாட்சி யாவும் சுமப்பவனுடைய ஆட்களே. 'நான் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன்' என்ற சொல்லைச் சோதித்தறியும் வழி கரையில் நிற்பவனுக்கு ஏது?

அப்படியானால் தைவிகம் என்பதுதான் யாது? லண்டனிலிருந்து அபர்டீனுக்குக் கப்பலில் சென்ற ஒரு பெண்குதிரை, புயலின் கொந்தளிப்பாலும் தன்னுடைய மிரட்சியாலும் காயமுற்று மாண்டதைப் பற்றிய வழக்கில், 1876-இல், நியாயமான முன்யோசனையாலும் கவனத்தாலும் தடுக்க முடியாததே கடவுளின் செயல் என்று நீதிபதிகள் கண்டார்கள்; கப்பலுடையவர் விடுவிக்கப்பட்டார். அடிப்பது புயல் என்பதாலேயே நஷ்டம் தைவிகமாகிவிடாது. மனித முயற்சி தன் கடமை முழுவதையும் செய்து ஓய்ந்த பிறகே அச்சொல்லுக்கு இடம் பிறக்கிறது. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்ததன் பொருத்தத்தை இவ்விடத்திலும் உணர்கிறேன். தன் பிழையைத் தெய்வத்தின் மேல் ஏற்றுகிறவன் பொருளுடையவனுக்கு மட்டுமல்லாமல் தெய்வத்துக்கும் அபசாரம் செய்கிறான்.

இவ்வளவு தெளிந்த நெறி கடலில் எப்படிக் கலங்கிற்று என்பது வருந்தத்தக்க வரலாறு. கப்பல் முதலாளிகள் தங்கள் காகிதங்களில் விலக்குகளை மேன்மேலும் அச்சிட்டுக்கொள்ள, சரக்குடையோர் முறையிட, இரு சாராரின் பேரத்தில் 1924-இல் பிரஸ்ஸல்ஸில் ஓர் உடன்படிக்கை பிறந்தது; அடுத்த ஆண்டே அது நம் நாட்டிலும் சட்டமாயிற்று. கப்பலைக் கடலுக்குத் தகுதியாக்கவும் சரக்கைக் கவனமாகக் காக்கவும் முதலாளியைப் பணித்த அவ்விதிகள், கப்பலைச் செலுத்துவதிலும் நிர்வகிப்பதிலும் தலைவனும் மாலுமிகளும் செய்யும் அஜாக்கிரதைக்கோ விலக்குக் கொடுத்தன. துறைமுகத்தை விட்டு நீங்கிய கப்பல் முதலாளியின் கட்டளைக்கு எட்டாமற்போன காலத்தில் இதற்குச் சிறிது நியாயம் இருந்திருக்கலாம். செயற்கைக்கோள் வழியே கப்பலின் ஒவ்வோர் அசைவையும் கரையிலிருந்து காணும் இந்நாளில் அந்த நியாயம் எங்கே?

சரக்கின் தன்மையையும் மதிப்பையும் ஏற்றுமுன் அறிவித்துக் காகிதத்தில் பதியாவிட்டால் சிப்பம் ஒன்றுக்கு 100 பவுண்டுக்கு மேல் பொறுப்பில்லை என்றும் அச்சட்டம் சொல்லிற்று. தொகை பிற்பாடு மாறினாலும் கொள்கை மாறவில்லை. இதை நான் குறை சொல்ல மாட்டேன். பட்டையோ தங்கத்தையோ சாதாரணச் சரக்கென்று காட்டிக் கூலியை மிச்சம் பிடிக்கிறவன், எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை அறியும் வழியையே சுமப்பவனிடமிருந்து மறைத்துவிடுகிறான். ஒப்படைப்பவனுக்கும் சத்தியம் கடன். ஆகவே, தெரிந்தே பொய்யான விவரம் தந்தவனுக்கு ஒரு காசும் கிடையாது என்று விதித்ததும் தகும்.

ஆனால் அனுப்பியவனின் பொய்க்குத் தண்டமாக அவன் ஈடு முழுவதையும் பறிக்கும் அதே சட்டம், கப்பலைச் செலுத்தியவனின் பிழைக்கு முழு மன்னிப்பு வழங்குவதை எந்தத் தராசில் நிறுப்பது? 1978-ஆம் ஆண்டு உடன்படிக்கையான ஹாம்பர்க் விதிகள் இவ்விலக்கை நீக்கின. இந்தியா அவற்றில் சேரவில்லை. 1925-க்கு நூறாண்டு கழித்து 2025-இல் நம் நாடாளுமன்றம் பழைய சட்டத்தை நீக்கிப் புதியதொன்றை இயற்றியபோதும், படகோட்டியின் பிழைக்குப் படகோட்டியே ஈடு தர வேண்டும் என்ற பண்டைய நியாயத்தை அதில் சேர்க்காமல், அந்த விலக்கை அப்படியே விட்டுவைத்தது.