பயிற்சி ஒன்று, படிப்பு வேறொன்று

உயர்தரப் பரீட்சைக்கு முன் பத்து வருட வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்துவிட்ட பிள்ளையைக் கெட்டிக்காரப் பிள்ளை என்கிறோம். இந்த வினா வந்தால் இந்த விடை, இப்படித் தொடங்கி இப்படி முடி என்று ரியூசன் வகுப்பிலே அதன் கையைப் பழக்கியிருக்கிறார்கள். கெட்டித்தனம் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அன்பான வாசகரே, இதன் பெயர் கல்விதானா? பயிற்சி என்றாலல்லவா பொருந்தும்?

பயிற்சியை நாம் இழிவாகச் சொல்ல வரவில்லை. தச்சனின் உளியும், வலை பின்னும் விரலும் பழக்கத்தாலே சீர்பெற்றவை. பிறேக்கை மிதிக்குமுன் அதன் தத்துவத்தைச் சிந்திக்கும் சாரதியின் பஸ்ஸிலே நீங்களும் ஏறமாட்டீர்கள், நாமும் ஏறமாட்டோம். ஆயினும் யாரோ முன்பே கண்டுவைத்த நிலைமைக்குத்தான் பயிற்சி உதவும். காணாத ஒன்று எதிரே வந்து நின்றால் பழகிய கை திகைத்துப்போகும்.

2004 டிசெம்பர் 26 காலையில், தாய்லாந்தின் புக்கெட் தீவிலே, மாய்காவ் கடற்கரையில் பெற்றோருடன் உலாவிய தில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி, கடல்நீர் நுரைத்துக்கொண்டு, திரும்பிப் போகாமல் மேலேறி வருவதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன்தான் புவியியல் வகுப்பிலே சுனாமி பற்றிப் படித்திருந்தாள். அன்று படித்ததும் இன்று காண்பதும் ஒன்றே என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தாயார் முதலில் நம்பவில்லை. சிறுமி விடாமல் கத்தினாள். தகப்பனார் ஹோட்டல் காவலாளியிடம் சொல்ல, கரையிலிருந்தோர் அகற்றப்பட்டனர். சுமார் நூறு பேர் தப்பினர். அதே நாளில் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் கடல் நம் உறவுகளை வாரிக்கொண்டு போயிற்று. அன்று காலைவரை சுனாமி என்ற சொல்லையாவது நம்மில் எத்தனை பேர் கேட்டிருந்தோம்?

2011 மார்ச் 11ஆம் திகதி ஜப்பானின் கமாய்ஷி நகரிலே பயிற்சியும் இருந்தது. உனோசுமாய் பகுதிப் பாடசாலைப் பிள்ளைகள், ஒத்திகையிலே பழகியபடி, குறிக்கப்பட்ட இடத்துக்கு ஓடிச் சேர்ந்தார்கள். ஆனால் பின்புறத்து மலைச்சரிவு இடிந்து விழுவதைக் கண்டதும் அங்கே நிற்கவில்லை. இன்னும் மேலே ஏறினார்கள். முதல் இடத்தை அலை விழுங்கியது. அபாய வரைபடத்தைக் கண்மூடி நம்பாதே என்பதும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது.

இந்த வேறுபாடு பழையது. புனித அகுஸ்தீனார் இளைஞருக்கு நாவன்மை பயிற்றிச் சம்பாதித்தவர். அந்த உத்தியோகத்தை விட்டபின், 389ஆம் ஆண்டளவில், தம் மகன் அதேயோதாத்துவுடன் நடத்தும் உரையாடலாக 'ஆசிரியர்' என்ற நூலை எழுதினார். ஆசிரியரின் சொல் மட்டும் எவருக்கும் எதையும் கற்பிப்பதில்லை, மாணவன் தன் உள்ளத்தில் உண்மையைக் கண்டு ஒப்பும்போதே கற்கிறான் என்பது அதன் சாரம். அதில் மகன் வாயிலாக வரும் கருத்துகள் பதினாறு வயதில் அவனுக்கே சொந்தமாயிருந்தவை என்று பின்னர் எழுதிவைத்தார். நமக்கு மிகவும் பிடித்த இடம் அது.

தொழில் கொடுப்போர் பயிற்சி பெற்றவரையே பெரும்பாலும் தேடுகிறார்கள். எதை, எப்போது, எவ்வளவு செய்வது என்பதைப் பயிற்றுவிப்பவரே தீர்மானித்துவிடுவதால் அது அவர்களுக்கு வசதி. 'சொன்னார்கள், செய்தேன்' என்று தப்பிக்கொள்வது தொழிலாளிக்கும் வசதி.

வைத்தியசாலையில் ஒரு தாதியை எண்ணிப் பாருங்கள். துண்டிலே தசமப் புள்ளி இடம்மாறி மருந்தின் அளவு பத்து மடங்காகிவிட்டது. ஊசி போட மட்டும் பழகியவள் கை நடுங்காமல் போட்டுவிடுவாள். அம்மருந்து உடம்பிலே என்ன செய்யும் என்று படித்தவளோ ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் போய், "டொக்டர், இந்த அளவு சரிதானா?" என்று கேட்பாள். கேட்டதற்காக ஏச்சும் வாங்கலாம். விசாரணை வந்தால் முதலாமவள் துண்டைக் காட்டித் தப்பலாம். மனச்சாட்சிக்கு எந்தத் துண்டைக் காட்டுவாள்?

நம் தாயை எந்தத் தாதியின் கையில் ஒப்படைப்போம் என்று சொல்லவேண்டியதில்லை. ஆனால் கணக்கொன்றைச் செய்துகாட்டும்போது, "ஏனப்பா அப்படி?" என்று நம் பிள்ளை கேட்டால், "நாளைக்குச் சோதினை, சொன்னதைப் பாடமாக்கு" என்று அடக்கிவிடுகிறோம்.