முதியோர் பேணலும் மக்கட் கடனும்

மூத்த பெற்றோரைப் பிறர் பேணும் முதியோர் இல்லத்திற் சேர்த்தல் அறமாமோ என்னும் வினா இக்காலத்துப் பல குடும்பங்களை வருத்துகின்றது. மகனும் மருமகளும் பகல் முழுதும் தொழிலின்மேற் செல்ல, படுக்கையினின்றும் எழமாட்டாத தாய் தனித்துக் கிடத்தல் இரங்கத்தக்கதன்றோ? அன்னார்க்கு இரவும் பகலும் அருகிருந்து உதவப் பயின்றார் உள்ள இடத்தை நாடுதல் குற்றமாகாது.

2007ஆம் ஆண்டில் இந்திய நாட்டில் இயற்றப்பட்ட பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் உணவு, உடை, உறையுள், மருத்துவம் ஆகியவற்றை அளித்தலை மக்கள் கடனாக்கிற்று. பேணவேண்டிய முதியோரைக் கைவிட்டார்க்கு 3 மாதம் வரை சிறைத்தண்டமும் வகுத்தது. ஆயினும், இவையனைத்தும் குறைவறக் கொடுத்தே ஒருவன் தாயைக் கைவிடுதலும் கூடும். அஃது எவ்வாறெனின், “அவர் என் பெயரையே மறந்தார், யான் சென்று காண்டலால் யாது பயன்?” என்று வாளா இருத்தலாம்.

அது பொருந்தாது. மறவி நோயாற் குன்றியவை கருவி கரணங்களே, உயிர் குன்றிற்றில்லை. விளக்கு மங்கியவிடத்துக் கண் காணாதொழியும். அதுபற்றிக் கண்ணே இல்லையெனத் துணிவார் உளரோ? பெயர் அறியாதவிடத்தும் இன்சொற் கேட்டலும் கைபற்றி உடனிருத்தலும் அவர்க்கு இன்பமாதல் கண்கூடு.

ஆகலின், அறிவு தெளிந்துள்ளபோதே அவர் கருத்தை வினாவி, அவர் இசைந்த இடத்தையே தெரிதல் வேண்டும். அவர் உண்ணும் முறையும் வழிபடும் முறையும் ஆங்கு வழுவாது நடைபெறுமா என நோக்கல் வேண்டும். சேர்த்தபின் அடுத்தடுத்துச் சென்று காண்டல் வேண்டும். தூக்கலும் துடைத்தலும் கூலிக்குக் கொள்ளத்தகுவன. மகவாயிருத்தல் அங்ஙனம் கொள்ளத்தகுவதன்று.