பள்ளிக்கு விடுமுறை, மருந்துக்கும் விடுமுறையா?

  



முழு ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் பெட்டியும் பையுமாகக் குடும்பங்கள் நிற்கின்றன. சிலர் நன்னி வீட்டுக்குப் போகிறார்கள், சிலர் மாமல்லபுரம் கடற்கரைக்கு, சிலர் கோவளம் தர்காவுக்கு. இந்தப் பரபரப்பில் சில வீடுகளில் ஒரு சிறு பை மட்டும் எடுக்கப்படுவதில்லை. அது பிள்ளையின் மாத்திரைப் பை.

கவனக்குறைவு, அடங்காத துறுதுறுப்பு, கடுமையான பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றுக்காக மருத்துவர் மருந்து எழுதிக் கொடுத்த பிள்ளைகள் நம் மஹல்லாவிலும் இருக்கிறார்கள். "பள்ளிக்கூடம்தான் இல்லையே, மாத்திரை எதற்கு?" என்று சில பெற்றோர் நிறுத்திவிடுகிறார்கள். சொந்தக்காரர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று வேறு சிலர் ஒளித்துவைக்கிறார்கள்.

மனநோய் ஈமானின் குறைவல்ல

யஃகூப் (அலை) அவர்கள் மகன் யூசுஃபைப் பிரிந்த துயரத்தில் கண்கள் வெளுத்துப்போனதை யூசுஃப் அத்தியாயத்தின் 84வது வசனம் சொல்கிறது. ஒரு நபியின் உள்ளமே அப்படி வாடியது. அதை ஈமானின் பலவீனம் என்று யாராவது சொல்வோமா? பிறகு பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்து "தொழுதால் சரியாகிவிடும், மாத்திரை வேண்டாம்" என்று எப்படிச் சொல்கிறோம்?

மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியதை உஸாமா பின் ஷரீக் (ரலி) அறிவிக்கிறார்கள் (அபூதாவூத்). ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று கற்றுத் தந்ததும் அந்த நபிதான் (திர்மிதீ). துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல.

தெரியாமல் சொன்ன ஒரு வார்த்தை

ஒரு பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல் பட்டுக் காயம். அந்த நிலையில் அவருக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்யலாமா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருப்பதால் முடியாது என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அவர்கள்தான் அவரைக் கொன்றார்கள் என்றும், தெரியாதபோது கேட்டிருக்க வேண்டும் என்றும் கூறியதை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள் (அபூதாவூத்).

அந்தத் தோழர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனாலும் ஓர் உயிர் போனது. விருந்துக்கு வந்த பிள்ளையைப் பார்த்து "இந்த வயதில் இந்த மாத்திரையா? தூக்கி எறி" என்று சொல்லும் மாமாக்களே, பெரியத்தாக்களே! நீங்களும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறீர்கள். உங்கள் வார்த்தைக்கு நாளை அல்லாஹ்விடம் பதில் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஏர்வாடி தந்த பாடம்

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவைச் சுற்றி இயங்கிய தனியார் மனநலக் காப்பகங்களில் ஒன்றில் அதிகாலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் கருகின. மனநோயை வெட்கமாக நினைத்து, சிகிச்சையை விட்டு, நோயாளியைக் கண்மறைவாக வைக்கும் சமூகம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அது சாட்சி. இன்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. ஆனால் மாத்திரையை ஒளித்துவைக்கும் வெட்கத்தை எந்தச் சட்டமும் நீக்காது. அதை நாம்தான் நீக்க வேண்டும்.

கோவளம் போகிறீர்களா? போங்கள், மனமுருகி துஆ கேளுங்கள். அன்று காலை மாத்திரையையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

ஊருக்குக் கிளம்பும் முன் மருத்துவரைப் பாருங்கள். துறுதுறுப்புக்கான மெத்தில்பெனிடேட் போன்ற மருந்தை, பசியையும் வளர்ச்சியையும் கவனித்து, விடுமுறையில் சில பிள்ளைகளுக்கு மருத்துவரே இடைநிறுத்தச் சொல்வதுண்டு. அடோமாக்ஸெடின், மனச்சோர்வு மாத்திரை போன்றவை நாள் தவறாமல் கொடுக்க வேண்டியவை. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பே வந்துவிடலாம். எது நிறுத்தலாம், எது கூடாது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

தங்கும் நாட்களுக்கு மேல் சில நாட்களுக்கும் சேர்த்து மாத்திரை வாங்குங்கள். சில மருந்துகள் சீட்டில்லாமல் கிடைக்காது, சிறிய ஊர்க் கடைகளில் இருக்கவும் இருக்காது. மருந்துச் சீட்டும் பையில் இருக்கட்டும். வெயிலில் நிற்கும் காரிலோ வண்டிப் பெட்டியிலோ மாத்திரையை வைக்காதீர்கள். நன்னி வீட்டில் சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, கொடுக்கும் பொறுப்பை ஒரே ஒருவரிடம் விடுங்கள். ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்காதீர்கள். காலையில் கொடுக்க வேண்டியதைப் பிள்ளை மதியம் எழுந்த பிறகு கொடுத்தால், இரவுத் தூக்கம் கெடலாம்.

மாமல்லபுரம் கடலில் அலையின் இழுப்பு அதிகம். யோசிக்காமல் ஓடிவிடும் பிள்ளையின் கையை விடாதீர்கள்.

கேப்ஸ்யூலின் ஜெலட்டின் ஹலாலா என்ற கவலை இருந்தால் ஆலிமிடம் கேளுங்கள், மாற்று வடிவம் உண்டா என்று மருத்துவரிடமும் கேளுங்கள். பதில் வரும்வரை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியூரில் இருக்கும்போது பிள்ளையின் நிலை மாறினால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். சாக விரும்புவதாகப் பிள்ளை பேசினால் விளையாட்டாக எடுக்காதீர்கள். தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நாம் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர், நம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவோம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (புகாரீ, முஸ்லிம்). பிள்ளை அல்லாஹ் தந்த அமானிதம். அதன் மருந்து வேளையும் அந்த அமானிதத்தில் அடக்கம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் உடலுக்கும் உள்ளத்துக்கும் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! அவர்களைப் பராமரிக்கும் பெற்றோருக்குப் பொறுமையையும், அவர்களைப் பற்றிப் பேசும் எங்கள் நாவுகளுக்குப் பேணுதலையும் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.