இடக்கரடக்கலும் அறமும்

மனிதர் யாவர்க்கும் பொதுவான செயல்கள் சிலவே. அவற்றுள் உண்ணலுக்கும் உறங்கலுக்கும் நிலைத்த பெயர்கள் உள. உண்டதன் கழிவை அகற்றும் செயலுக்கும் அதற்குரிய இடத்துக்கும் மட்டும் பெயர்கள் எளிதில் நிலைப்பதில்லை. ஊருக்கு ஊர் அவை வேறுபடுகின்றன; ஒரே ஊரிலும் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகின்றன; ஒரே மனிதர் நாவிலும் வீட்டிற்கொன்று, அவைக்கொன்று என வேறாகின்றன. இவ்வேறுபாடு கிளைமொழி ஆய்வாளர்க்கு உரிய பொருள் என்பதில் ஐயமில்லை. எனினும் இதனுள் ஓர் அறவியல் வினாவும் அடங்கியுள்ளது. ஒன்றைப் பெயர் மாற்றி மறைத்துச் சொல்லும்போது நாம் யாருக்கு நன்மை செய்கின்றோம்? யாரை மறைக்கின்றோம்? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டி நகரின் பொது இடங்களிற் காணப்படும் அறிவிப்புப் பலகைகளிலிருந்து தொடங்குவோம். சிங்களத்தில் 'வெசிகிளிய' என்றும் தமிழில் 'மலசலகூடம்' என்றும் எழுதப்பட்டிருப்பதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். தமிழ்நாட்டிலிருந்து வருவோர்க்கு இத்தமிழ்ச் சொல் புதுமையாக ஒலிக்கும். அங்கே பலகைகளில் 'கழிப்பறை' அல்லது 'கழிவறை' என்றே எழுதுவர். பேச்சு வழக்கை நோக்கின் வேறுபாடு மேலும் விரியும். தஞ்சைப் பகுதியார் 'கொல்லைக்குப் போதல்' என்பர். தென்தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் 'வெளிக்குப் போதல்' என்பது வழக்கு. வீட்டுக்குள்ளேயே அறை அமைந்த பின்னரும் 'வெளிக்குப் போகும்' வழக்கு மறையவில்லை. இன்று நகரத்தார் 'பாத்ரூம்' என்கின்றனர். குளிக்கும் அறையின் பெயர் அடுத்த அறைக்கும் போர்வையாயிற்று.

இவையனைத்துக்கும் அடியில், பலகையில் எழுதப்படாது, எல்லாராலும் அறியப்பட்ட சொல்லொன்று உண்டு. அதுவே 'கக்கூசு'. இது ஒல்லாந்தச் சொல். மலங்கழிக்கும் வீடு என்பதே அதன் நேர்ப்பொருள். ஒல்லாந்தர் 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்டனர். சோழமண்டலக் கரையில் நாகபட்டினமும் நெடுங்காலம் அவர்வசம் இருந்தது. கண்டியை அவர்கள் 1765இற் சிறிது காலம் கைப்பற்றினரேயன்றி ஆளவில்லை. ஆயினும் அவர்தம் ஆட்சி எட்டாத மலைநாட்டிற்கும் அவர்தம் சொல் ஏறி வந்துவிட்டது. சிங்களப் பேச்சுமொழியில் அது 'கக்குஸ்ஸிய' ஆயிற்று. மலாய் மொழியில் 'காக்குஸ்' ஆயிற்று. தோட்டத்து லயங்களிலும் நகரத்து வீடுகளிலும், தமிழரும் சிங்களவரும் தம்முள் வேறுபாடின்றி வழங்கிய சொற்களுள் இதுவும் ஒன்றெனலாம்.

இச்சொல் தாய்மொழியில் மிகக் கொச்சையானது. நம் முன்னோர்க்கு அக்கொச்சைத்தன்மை தெரியாது. அவர்களுக்கு அது ஓர் இடத்தின் பெயர் மட்டுமே. பின்னர் நமக்கு அது கூச்சந்தரும் சொல்லாயிற்று. அக்கூச்சம் ஒல்லாந்த மொழியறிவால் வந்ததன்று. வேறு 'உயர்ந்த' சொற்கள் வந்தமையால் இது தாழ்ந்தது. ஆங்கிலத்தில் 'டொய்லெட்' என்பதன் வரலாறும் இத்தகையதே. பிரெஞ்சு மொழியிற் சிறு துணியைக் குறித்த சொல், பின் ஒப்பனை மேசையையும், ஒப்பனை அறையையும், ஈற்றில் கழிப்பிடத்தையும் குறித்தது. துணியாய் இருந்தபோது அதில் அழுக்கில்லை. ஆகவே எந்தச் சொல்லும் பிறப்பால் அழுக்குடையதன்று. எந்தச் சொல்லும் பிறப்பால் தூயதுமன்று. நம்முடைய அருவருப்பே சொல்லில் ஏறிக்கொள்கின்றது. அது ஏறிய பின் அச்சொல்லைக் கைவிட்டு இன்னொன்றைத் தேடுகின்றோம்.

தமிழ் இலக்கண நூலார் இதனை நன்கு அறிந்திருந்தனர். அவையிற் சொல்லத் தகாதனவற்றை மறைத்துச் சொல்லுக என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்து எச்சவியலில் விதிக்கின்றார். அதனை அடுத்தே, மறைக்கும்போதும் நெடுங்காலம் வழங்கி மருவிய சொற்களை விலக்க வேண்டியதில்லை என்றும் கூறுகின்றார். நன்னூலார் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக இடக்கரடக்கலை வைத்தார். 'கால் கழுவி வருதல்' என்பது போன்ற தொடர்கள் இவ்வகையின. இவ்விதிகள் பொருளை இழிவுபடுத்தவில்லை என்பது நோக்கற்பாலது. அவை கருதுவது அவையை, அதாவது, கேட்போரை. உண்பவரும் முதியோரும் பிறரும் கூடியுள்ள இடத்தில் அவர்தம் உள்ளம் கூசாதிருக்கச் சொல்வோன் ஒரு சிறு தொல்லையைத் தான் ஏற்கின்றான். அந்த அளவில் இடக்கரடக்கல் ஓர் அன்புச் செயலே. வழக்கில் ஊன்றிய சொல்லை விலக்க வேண்டா என்ற இரண்டாம் விதியோ, அவ்வன்பு வெறும் பகட்டாகிவிடாமற் காக்கும் வேலியாகும்.

இவ்வழக்கு பொருளை விட்டு மனிதரைத் தொடும்போதே சிக்கல் எழுகின்றது. கழிப்பிடம் என்பது தானே தூய்மையாவதில்லை. அதனைத் தூய்மை செய்வோர் உளர். கண்டி மாநகரத்தில் இத்தொழிலைச் செய்யப் பிரித்தானியர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட குடும்பங்களின் வழித்தோன்றல்கள் மகியாவப் பகுதியில் இன்றும் வாழ்கின்றனர். காலிங்க டியூடர் சில்வா, சிவப்பிரகாசம், தங்கேஸ் ஆகியோர் பதிப்பித்து 2009இல் வெளிவந்த இலங்கைச் சாதியமைப்புப் பற்றிய ஆய்வு நூல், கண்டி நகரச் சுத்திகரிப்புத் தொழிலாளரின் நிலையைத் தனி இயலிலே ஆராய்ந்துள்ளது. நகரத்தின் அழுக்கை அகற்றியோருட் பலர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின் அந்நாட்டின் குடிமக்களாகக்கூடக் கருதப்படவில்லை. மலையகத் தோட்டங்களிலோ, லயத்து வடிகானையும் மலசலகூடத்தையும் துப்புரவு செய்தவர் 'வாசற்கூட்டி' எனப்பட்டார். வாசலைக் கூட்டுவது மங்கலமான செயல். நம் வீடுகளில் விடியற்காலையில் நிகழ்வது. அப்பெயர் கேட்போரின் காதுக்கு இனிமை தந்தது. வாளியைச் சுமந்தவரின் தோளுக்கு அது எதனையும் தரவில்லை.

இங்கே இடக்கரடக்கல் தன் இயல்பு மாறிவிடுகின்றது. முன்னதிற் சொல்வோன் தான் ஒரு தொல்லையை ஏற்றுக் கேட்போனைக் காத்தான். பின்னதிலோ, சொல்வோனும் கேட்போனும் சேர்ந்து, அங்கில்லாத மூன்றாமவரின் உழைப்பைத் தம் கண்ணிலிருந்து மறைத்துக் கொள்கின்றனர். பொருளைச் சுட்ட நாணுவோர் மனிதரைச் சுட்ட நாணவில்லை என்பதும் கருதத்தக்கது. அவையில் மலத்தின் பெயரைச் சொல்லாதவரே, அதனை அகற்றியவரின் சாதிப்பெயரை வசைச்சொல்லாக வழங்கினர். இவ்வாறான ஒரு குடியிருப்பிற் பிறந்த மாணவர் ஒருவர், வேலைக்கு விண்ணப்பிக்கையில் தம் முகவரியை மாற்றி எழுத நேருமாயின், அதுவும் ஓர் இடக்கரடக்கலே. ஆனால் அங்கே மறைக்கப்படுவது கழிவன்று, ஒரு மனிதர்.

பெயர் மாற்றம் மதிப்பை உயர்த்தாதா என ஒருவர் வினவலாம். இவ்வினாவைப் புறக்கணித்தல் தகாது. தோட்டி என்ற பெயர் மறைந்து துப்புரவுத் தொழிலாளர், சுகாதாரத் தொழிலாளர் முதலிய பெயர்கள் வந்தமை நன்மையே. தமிழ்நாட்டில் 2020இல் 'தூய்மைப் பணியாளர்' என்பது அரசின் வழக்காயிற்று. வசையை நீக்கும் பெயரை வரவேற்க வேண்டும். ஆயினும் பெயர் மாறிய இடத்தில் தொழில் மாறியதா என்பதே உரைகல்லாகும். இந்தியாவில் மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவிப்பதை 1993, 2013 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் தடைசெய்தன. அதன் பின்னரும் கழிவுநீர்க் குழிகளில் இறந்தோரின் குடும்பங்களுக்குப் பத்து இலட்சம் ரூபா வழங்குமாறு 2014இலும், அதனை முப்பது இலட்சமாக உயர்த்துமாறு 2023இலும் இந்திய உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. பெயர் தூய்மையாயிற்று, குழி அவ்வாறே இருந்தது.

பெயரை யார் இடுகின்றனர் என்பதும் முக்கியமானது. 'அரிசன்' என்ற பெயரைக் காந்தியடிகள் நல்லெண்ணத்துடனேயே பரப்பினார். அப்பெயர் பெற்றோருட் பலர் அதனை ஏற்காது 'தலித்' என்பதைத் தாமே தேர்ந்தனர். அச்சொல் நசுக்கப்பட்ட நிலையை மறைக்காது உரைப்பது. அவ்வாறே, மலமள்ளும் தொழிலாளரைப் பற்றித் திவ்யபாரதி 2017இல் எடுத்த ஆவணப்படத்துக்குக் 'கக்கூஸ்' என்றே பெயரிட்டார். மெருகூட்டிய சொல்லொன்றை வைத்திருப்பின் நாம் அதனைக் கூசாமற் கடந்திருப்போம். கூசவேண்டிய இடத்திற் கூசச் செய்வதும் சொல்லின் கடமைகளுள் ஒன்றாகும்.

இவ்விடத்தில், பலகையிற் கண்ட 'வெசிகிளிய' என்ற சிங்களச் சொல்லுக்கு மீள்வோம். அது பாளிமொழியின் 'வச்சகுடி' என்பதன் வழிவந்தது. மலக்குடில் என்பதே அதன் பொருள். விநய பிடகத்தின் சுள்ளவக்கத்தில் வச்சகுடியைப் பயன்படுத்தும் முறைகள் விரிவாகக் கூறப்படுகின்றன. அங்கே மூப்பு முறை பாராது, வந்த முறைப்படியே உட்செல்ல வேண்டும். இடம் அழுக்குற்றிருந்தால் அதனைக் கண்ட துறவியே கழுவ வேண்டும். நீர்க்கலம் வெறுமையாயிருந்தால் நிரப்ப வேண்டும். அங்கே சொல் வெளிப்படையானது, கடமை பொதுவானது. நம்மிடத்திலோ சொல் மெருகேறியது; கடமை ஒரு சாராரின் தலையில் ஏற்றப்பட்டது. தலதா மாளிகையால் உலகறிந்த இந்நகரத்துக்கு இவ்வேறுபாட்டைச் சிந்திக்கும் பொறுப்புச் சற்று மிகுதி.

சைவர்க்கும் இப்பொறுப்பு உண்டு. நம் பலகையிலுள்ள 'மலம்' என்ற அதே சொல்லாலேயே சைவ சித்தாந்தம் ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களைக் குறித்தது. ஆணவ மலம் எல்லா உயிரையும் அநாதியே பற்றியிருப்பது. அதினின்று விலக்குப் பெற்ற குலமொன்றும் இல்லை. அழுக்கு அனைவர்க்கும் பொது என்று தத்துவம் கூற, வாழ்க்கையிலோ அதனை ஒரு குலத்தின் மேல் வைத்தோம்.

ஆதலின் எந்தச் சொல்லைப் பலகையில் எழுதுவது என்பது சிறு வினாவே. கழிப்பறை எனினும் மலசலகூடம் எனினும் கக்கூசு எனினும் அவ்வவ்வூர் வழக்கு அவ்வவ்வூர்க்குப் பொருந்தும். அவையிற் கேட்போர்க்காகச் சொல்லை அடக்குவோம், அது நாகரிகம். ஆனால் மாணவர் விடுதியிலும் விரிவுரை மண்டபத்திலும் நாம் எழுந்து சென்றபின் அவ்விடத்தைத் தூய்மை செய்பவர் யார், அவர் பெயரை நாம் அறிவோமா, அவர்க்குக் கையுறையும் தக்க ஊதியமும் உண்டா, அவர் பிள்ளை நம் வகுப்பில் நம்மருகே அமரும் வழி திறந்துள்ளதா என்னும் வினாக்களையும் அச்சொல்லோடு சேர்த்து அடக்கிவிடுவோமாயின், அதனை நாகரிகம் என அழைத்தல் பொருந்தாது. அதுவே எல்லாவற்றினும் பெரிய இடக்கரடக்கலாகும்.