அந்நியர் என்போர் யார்?

ஆங்கிலத்தில் 'ஏலியன்' என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று வேற்றுக்கிரகவாசி, மற்றையது நாட்டுக்குரிமையற்ற அந்நியர். 1901 இல் நடைமுறைக்கு வந்த அவுஸ்திரேலிய அரசியலமைப்பின் 51ஆம் பிரிவிலும் இச்சொல் உண்டு. வெளிநாட்டில் பிறந்து, குடியுரிமை பெறாதிருந்தாலும் இந்நாட்டின் ஆதிக்குடிகளை அந்நியராகக் கொள்ள முடியாது என்று உயர் நீதிமன்றம் 2020 இல் தீர்ப்பளித்தது. நீதியரசர் நால்வர் ஒருபுறம், மூவர் மறுபுறம். அத்துணை சிக்கலான கேள்வி இது.

சத்யஜித் ராய் 1962 இல் வங்காள மொழியில் எழுதிய 'பங்குபாபுவின் நண்பன்' என்ற விஞ்ஞானச் சிறுகதை இதனை வேறொரு பக்கத்திலிருந்து நோக்குகிறது. பங்குபாபு ஒரு கிராமத்துப் பாடசாலை ஆசிரியர். மாணவர்களும் அவரைக் கேலி செய்வர். மாலையில் வக்கீல் வீட்டில் கூடும் பெரியவர்களும் கேலி செய்வர். அவர் வாய் திறப்பதில்லை. ஓரிரவு மூங்கிற் தோப்பில் 'ஆங்' என்ற வேற்றுக்கிரகவாசியைச் சந்திக்கிறார். புவியியல் படிப்பிக்கும் அவருக்கு அது வடதுருவத்தையும் பிரேசில் காட்டையும் ஒரு குழாய்க்கருவியூடாகக் காட்டுகிறது. இத்தனை சாதுவாக இருத்தல் ஆகாது என்றும் சொல்லிச் செல்கிறது. மறுநாள் பங்குபாபு கேலி செய்தோர் முன் நிமிர்ந்து நின்று பேசுகிறார்.

இக்கதையில் உண்மையான அந்நியர் யார்? ஒரே ஊர், ஒரே மொழி, ஒரே பழக்கவழக்கம். இவையெல்லாம் பங்குபாபுவுக்கும் அவ்வூராருக்கும் பொதுவாக இருந்தன. உறவு மட்டும் இருக்கவில்லை. ஒற்றுமை எதுவுமில்லாத ஒன்றே அவரை மனிதராக மதித்தது.

இது எமக்குப் புதிதன்று. கண்ணப்பர் இறைச்சி படைத்ததைக் கண்டு சிவகோசரியார் மனம் நொந்தார். இறைவன் ஆகமவழி பிழை என்று கூறவில்லை. வேடரை முதலில் ஆகமம் கற்று வரும்படி பணிக்கவுமில்லை. மறைந்து நின்று பார்க்குமாறு சிவகோசரியாருக்கு உணர்த்தினார். பார்த்ததும் அந்நியத்தன்மை அகன்றது.

எமது வழக்கங்களைக் கைவிட வேண்டும் என்பதல்ல என் கருத்து. பிறந்த மண்ணை இழந்தவர்களுக்கு அவை பெருந்துணை. ஆயினும் அவையே வேலியாகிவிடலாம். பிற இனத்து மருமகள் எப்போது கைகூப்புவது என்று தெரியாமல் ஓரமாக நிற்கிறாள். படகில் வந்து பல்லாண்டு வதிவிட உரிமையின்றித் தவித்த இளைஞர் மண்டபத்தில் தனியே அமர்ந்திருக்கிறார். அவரிடம் நாம் முதலிற் கேட்பது "எந்த ஊர்?" என்பதே. அக்கேள்வி எப்போதும் ஊரை மட்டும் அறிவதற்கல்ல என்பது எம் எல்லோருக்கும் தெரியும்.

"சாப்பிட்டீர்களா, தம்பி?" என்று முதலில் கேட்போமாக. ஊர் பிறகு வரட்டும்.