குளிர்ச்சிக்கு யார் விலை கொடுப்பது?

2025 ஜூலையில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. நாட்டின் நிலக்கரி அனல்மின் அலகுகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குக்கு, புகையிலிருந்து கந்தக டை ஆக்சைடைப் பிரித்தெடுக்கும் கருவி இனித் தேவையில்லை என்பது அதன் சாரம். அந்த வாயுவுக்கு வரம்பு விதிக்கப்பட்டது 2015 டிசம்பரில். இரண்டே ஆண்டுகளில் நடைமுறைக்கு வரவேண்டிய விதி அது. 2022 வரை பொறுப்போம் என்றார்கள். பிறகு இன்னும் சில ஆண்டுகள் என்றார்கள். தள்ளித் தள்ளிக் கடைசியில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கெடு என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது.

செலவு அதிகம், இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பவை பழைய வாதங்கள். அவற்றோடு இப்போது சேர்ந்திருக்கும் ஒரு வாதம்தான் நின்று யோசிக்க வைக்கிறது. இந்தக் கருவிகளால் புவி வெப்பமாதல் கூடும் என்கிறது அது. நுரையீரலைக் காக்கப் போனால் பூமி சூடாகும். பூமியைக் காக்க வேண்டுமானால் நுரையீரல் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இப்படி யாரும் வெளிப்படையாக எழுதுவதில்லை. வாதத்தின் உள்ளே இருப்பது இதுதான்.

இதைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. கருவிக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும். அதை வெட்ட வேண்டும், ஏற்றிவர வேண்டும். சுண்ணாம்புக்கல் கந்தக வாயுவோடு வினைபுரியும்போது கொஞ்சம் கரியமில வாயுவும் வெளிவரும். கருவியை இயக்கவும் மின்சாரம் செலவாகும். இன்னொன்றும் உண்டு. காற்றில் கலக்கும் கந்தகம் சல்பேட் துகள்களாக மாறி, சூரிய ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. இப்படி மனிதர்கள் கிளப்பிய மாசு ஏறத்தாழ அரை டிகிரி வெப்பத்தை மறைத்து வைத்திருக்கிறது என்பது அறிவியலாளர்களின் மதிப்பீடு. 2020இல் உலகக் கப்பல்களின் எரிபொருளில் அனுமதிக்கப்பட்ட கந்தகம் 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கடலோரத் துறைமுகங்களில் காற்று தெளிந்தது; கூடவே கடல்மேல் மேகங்களின் ஒளி மங்கிச் சற்றே வெப்பம் கூடியதைப் பற்றியும் ஆய்வுகள் பேசுகின்றன. ஆக, உண்மையான ஒரு முரண் இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

கந்தகத் துகள்கள் காற்றில் தங்குவது சில நாள்கள். மிஞ்சினால் ஓரிரு வாரம். கரியமில வாயுவின் ஒரு பெரும்பகுதி நூற்றாண்டுகள் தங்கும். ஒரே புகைபோக்கிதான் இரண்டையும் கக்குகிறது. எனவே இந்தக் குளிர்ச்சி வேண்டுமென்றால் கந்தகத்தை இன்றும் நாளையும் ஓயாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். அடியில் வெப்பமோ சேர்ந்துகொண்டே போகும். அசலை வளரவிட்டு வட்டியை மட்டும் கட்டுகிற கடன் இது. அந்த வட்டி நிலையத்தைச் சுற்றி வாழ்பவர்களின் மூச்சிலிருந்து கட்டப்படுகிறது.

அவர்கள் யார் என்று பார்க்க வடசென்னையின் எண்ணூருக்குப் போனால் போதும். 1970களில் அங்கே முதல் அனல்மின் நிலையம் வந்தது. 2017இல் அது மூடப்பட்டது. அதற்கு முன்பே வடசென்னை அனல்மின் நிலையம் அத்திப்பட்டில் வந்துவிட்டது, வல்லூரில் 1500 மெகாவாட் நிலையம் வந்துவிட்டது. 2024இல் வடசென்னையின் மூன்றாம் நிலையாக இன்னும் 800 மெகாவாட். சாம்பலைக் கூழாகக் கரைத்துக் கொண்டுபோகும் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் ஒழுகியதில் கொசஸ்தலை ஆற்றின் அடியில் சாம்பல் படிந்தது. இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்தவர்கள் சாம்பல் சேற்றில் இறங்கி வலை வீச வேண்டியதாயிற்று. செப்பாக்கம் சாம்பல் குளத்தை ஒட்டிய ஊர். கோடையில் காற்று வீசினால் சோற்றுப் பானையில்கூடச் சாம்பல் விழுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு வந்தது, அதே மாதக் கடைசியில் நள்ளிரவில் அம்மோனியா கசிவும் வந்தது. ஓர் இடம் ஒருமுறை பலிகொடுக்கப்பட்டுவிட்டால், அடுத்த சுமையையும் அங்கேயே இறக்குவதில் யாருக்கும் தயக்கம் இருப்பதில்லை.

உலகத்துக்காக ஒருவர் தாமாக முன்வந்து இழப்பை ஏற்றால் அது தியாகம். அவரைக் கேட்காமல் அவரிடமிருந்து எடுத்தால் அதற்கு வேறு பெயர். வெப்பத்தைக் கூட்டியதில் செப்பாக்கத்துக்காரரின் பங்கு மிகச் சிறியது. அவருடைய குழந்தையின் இழுப்பைப் பூமியின் குளிர்ச்சிக் கணக்கில் வரவு வைப்பதற்கு யாரிடமும் அனுமதி இல்லை. பல கோடிப் பேருக்குக் கண்ணுக்கே தெரியாத அளவில் பிரிந்துபோகும் நன்மையையும், ஒரு குழந்தையின் இரவு முழுதையும் பிடித்துக்கொள்ளும் தீமையையும் ஒரே தராசில் வைக்கலாம் என்று நினைப்பதே இங்கே முதல் பிழை.

கந்தகம் குறைவு, அளந்து பார்த்தாலும் காற்றில் வரம்புக்குள்தான் இருக்கிறது என்பார்கள். உண்மைதான், அளக்கும் இடத்தில். இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம். அதனால் ஒரு யூனிட்டுக்கு எரிக்க வேண்டிய நிலக்கரியும் அதிகம். புகை 200 மீட்டருக்கு மேல் உயர்ந்த புகைபோக்கி வழியே வெளியேறி, வழியில் நுண்துகளாக மாறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்குகிறது. அங்கே அதற்குக் கந்தக வாயு என்ற பெயர் இல்லை, பி.எம். 2.5 என்ற பொதுக் கணக்கில் கரைந்துவிடுகிறது. புதிய அறிவிக்கை விலக்குப் பெற்ற நிலையங்களிடம் கேட்பது, புகைபோக்கி போதிய உயரம் இருக்க வேண்டும் என்பதை. நஞ்சைக் குறைக்கச் சொல்லாமல் தூரத்தில் கொண்டுபோய்க் கொட்டச் சொல்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. கருவி இன்னமும் கட்டாயமாக இருப்பது தேசியத் தலைநகர் வட்டாரத்துக்கும், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களுக்கும் 10 கிலோமீட்டருக்குள் உள்ள நிலையங்களுக்கு. அப்படி ஒரு நகரம் மேட்டூருக்கும் பக்கத்தில் இல்லை, நெய்வேலிக்கும் இல்லை. மக்கள்தொகையைப் பார்த்து ஒரு மூச்சுக்கு மதிப்புப் போடுவதை எந்த அறமும் ஏற்காது.

காற்று மாசால் மட்டுமே மரணம் நேர்ந்தது என்று உறுதிப்படுத்தும் தரவு இல்லை என நாடாளுமன்றத்தில் அரசு பலமுறை பதில் சொல்லியிருக்கிறது. லான்செட் குழும இதழில் வந்த மதிப்பீடு 2019இல் மட்டும் இந்தியாவில் சுமார் 16.7 லட்சம் இறப்புகளைக் காற்று மாசோடு சேர்த்தது. இரண்டும் ஒரு வகையில் முரண்படவில்லை. மாசு தனியாக வந்து கொல்வதில்லை; இதய நோயோடு, பக்கவாதத்தோடு, ஆஸ்துமாவோடு வரும். இறப்புச் சான்றிதழில் அவற்றின் பெயர்தான் இருக்கும். லண்டனில் பரபரப்பான சாலை ஒன்றின் அருகே வாழ்ந்த எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013இல் கடும் ஆஸ்துமாவால் இறந்தாள். தாய் ரோசமண்ட் விடாமல் போராடியதில் முதல் விசாரணையின் முடிவு ரத்தானது. 2020 டிசம்பரில் மறுவிசாரணை, மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று பதிவுசெய்தது. பிரிட்டனில் அதுவே முதல்முறை. அந்தப் பதிவு கிடைக்க ஒரு தாய்க்கு ஏழு ஆண்டுகள் தேவைப்பட்டன. நிரூபிக்கும் சுமையை மூச்சுத் திணறுபவர்மேல் ஏற்றிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். புகைவிடுபவர்தான் தன் புகை தீங்கற்றது என்று காட்ட வேண்டும்.

செலவைப் பேசாமல் இதை முடிப்பது நேர்மையாகாது. கருவியால் யூனிட்டுக்கு 25 முதல் 30 காசு கூடும் என்று சொல்லப்பட்டது. எரிவது முழுவதும் நிலக்கரி மின்சாரமே என்று வைத்தாலும், இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு அது அதிகபட்சம் 90 ரூபாய். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஏழை வீடுகளைத் தொடாமல் இந்தச் சுமையைப் பிரிக்க வழி இருக்கிறது. கட்டணம் கூடக் கூடாது என்பது நியாயமான கவலை. ஆனால் இப்போதும் செலவு இல்லாமல் இல்லை. அது மின்கட்டண அட்டையில் ஏறாமல் நெபுலைசருக்கும் இன்ஹேலருக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறது. பெரும்பாலும் அந்த மின்சாரத்தைக் குறைவாகப் பயன்படுத்துபவர்களின் கையிலிருந்து போகிறது.

இன்னும் கடினமான ஓர் எதிர்வாதம் உண்டு: நிலக்கரியை விட்டு விலக வேண்டிய காலத்தில் கோடிகோடியாகப் போட்டுக் கருவி பொருத்தினால், போட்ட பணத்தை எடுக்கவே அந்த நிலையங்கள் இன்னும் பல ஆண்டுகள் ஓடாதா? இந்தக் கவலைக்கு மதிப்பு உண்டு. நாளையோ மறுநாளோ மூடப்போகும் அலகில் கருவி வைப்பது வீண். ஆனால் அந்த விலக்கு, மூடும் தேதியை எழுதிக் கொடுத்த நிலையத்துக்கு மட்டுமே பொருந்தும். 2024இல் தொடங்கிய ஓர் அலகு பல பத்தாண்டுகள் ஓடப்போகிறது. இன்னும் இருபது ஆண்டுகள் ஓடுவேன் என்னும் நிலையம் பருவநிலையின் பெயரைச் சொல்லிக் கருவியைத் தவிர்க்க முடியாது. ஓடும் ஒவ்வோர் ஆண்டும் அது பருவநிலையையும் கெடுக்கிறது. எந்தெந்த அலகு எந்த ஆண்டு நிற்கும் என்ற பட்டியலை மின்வாரியமும் ஒன்றிய அரசும் முதலில் வெளியிடட்டும். அதில் இடம்பெறாத ஒவ்வொரு புகைபோக்கிக்கும் 2015இன் வரம்பு அப்படியே பொருந்த வேண்டும்.