கைதும் தேடுதல் ஆணையும்: ஓர் அறவியல் நோக்கு

பாண்டியன் அவையிற் கண்ணகி சிலம்பை உடைத்தபோது மாணிக்கப் பரல்கள் தெறித்தன. கோவலன் கள்வனல்லன் என்பது அக்கணமே துணிபாயிற்று. பாண்டியன் தவறிழைத்தான் என்பதைச் சிலப்பதிகாரங் கற்போர் யாவரும் ஏற்பர். ஆயின், அத்தவறு யாது? குற்றமற்றவனைக் கொல்வித்தமையா, அன்றிப் பொற்கொல்லன் சொல்லை நம்பி ஆராயாது ஆணையிட்டமையா? உடைந்த சிலம்பினின்றும் முத்துக்கள் சிதறியிருப்பின் அவ்வாணை நேரிய ஆணையாகிவிடுமா?

இவ்வினா காப்பியத்தோடு முடிவதன்று. முறைதவறிக் கைது செய்யப்பட்ட ஒருவனிடத்தோ, அக்கைதைத் தொடர்ந்து பெறப்பட்ட ஆணையின்படி சோதனையிடப்பட்ட அவன் வீட்டிலோ குற்றப்பொருள் உண்மையாகவே அகப்படும்போது நீதிமன்றம் எதிர்நோக்குவதும் இதுவே. குற்றமற்றவன் பொருட்டு முறையைப் போற்றுதல் எளிது. குற்றவாளியின் பொருட்டும் அதனைப் போற்றவேண்டுமா என்பதே இடர்ப்பாடான வினா.

கைது செய்யப்படுபவனுக்கு அதன் காரணம் அறிவிக்கப்படவேண்டும் என்பதை இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1947இல் ஒரு வழக்கில் வலியுறுத்தியது. இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13(1)ஆம் உறுப்புரையும் சட்டத்தால் வகுக்கப்பட்ட நடவடிக்கைமுறைக்கு இணங்கவன்றி எவரும் கைது செய்யப்படலாகாது எனவும், கைதுக்கான காரணம் தெரிவிக்கப்படவேண்டும் எனவும் விதிக்கின்றது. இது வெறும் சம்பிரதாயமன்று. காரணம் அறியாதவன் மறுமொழி கூற இயலாதவன். அவனை அந்நிலையில் வைப்பது அவனை மனிதனாகவன்றிப் பொருளாக நடத்துவதாகும்.

இவ்விதி மீறப்பட்டபின் கிடைத்த சான்றினை என்செய்வது? கென்யாவில் 1952இல் அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டது. குறிப்பிட்ட தரத்திற்குக் குறையாத பொலிஸ் அதிகாரியே ஆணையின்றிச் சோதனையிடலாம் என்பது அக்கால விதி. அத்தரத்திற்குக் குறைந்தோர் சோதனையிட்டு இரு துப்பாக்கி ரவைகளைக் கண்டெடுத்ததாகக் கூறப்பட்ட குறுமா என்பவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. சான்று வழக்கிற்குத் தொடர்புடையதாயின் அது பெறப்பட்ட வழி பற்றி நீதிமன்றம் வினவவேண்டியதில்லை எனக்கொண்டு பிரிவிக் கவுன்சில் மேன்முறையீட்டைத் தள்ளிற்று. ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றமோ 1963இல், சட்டமுறையற்ற கைதிலிருந்து விளைந்த சான்றினை நச்சுமரத்தின் கனி எனக் கருதி விலக்கியது.

முதற்கொள்கையை எளிதிற் புறக்கணித்தலாகாது. கைப்பற்றியவரின் தரம் குறைந்தமையால் ரவை ரவையல்லாததாகிவிடாது. கொலையுண்டவனின் உறவினர்க்குப் பொலிசாரின் பிழையைக் காட்டிக் கொலையாளியை விடுவிப்பது எங்ஙனம் நீதியாகும்? பிழைசெய்த அதிகாரியைத் தனியே தண்டிக்கலாமன்றோ? பயன்வழி அறவியலாளர் இவ்வாறே வாதிடுவர்.

எனினும், இவ்வாதம் ஓர் உண்மையைக் காணத் தவறுகின்றது. முறைதவறிய சோதனையில் எதுவும் அகப்படாதவன் குற்றவழக்கில் நிறுத்தப்படுவதில்லை. கலைக்கப்பட்ட வீட்டை ஒழுங்குபடுத்திவிட்டு அவன் பெரும்பாலும் மௌனியாகின்றான். அடிப்படை உரிமை மீறலுக்கு எதிராக 126ஆம் உறுப்புரையின்கீழ் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தை நாடலாம் என்பது மெய்யே. ஆயின் அச்சமும் வறுமையும் அவ்வழியைப் பலருக்கு அடைத்துவிடுகின்றன. எனவே சோதனையின் முறைமை பெரிதும் ஆராயப்படுவது பொருள் அகப்பட்டவனின் வழக்கிலேதான். அவ்வழக்கிலும் முறையைக் கைவிடின் குற்றமற்றோரின் வாயிலைக் காப்பது எதுவுமில்லை.

பின்னர்ப் பெற்ற ஆணை முன்னைய தவறைக் கழுவிவிடுமா? பொஸ்ரன் நகரில் 1983இல் அதிகாரிகள் ஆணையின்றி ஒரு களஞ்சியத்துட் புகுந்து கஞ்சாப் பொதிகளைக் கண்டனர். பின்பு அதனை மறைத்து நீதவானிடம் ஆணை பெற்று மீண்டும் புகுந்தனர். அவ்வாணை முதற் பிரவேசத்தைச் சாராது தனித்து நிற்குமாயின் சான்று ஏற்புடையது என 1988இல் அமெரிக்க உயர் நீதிமன்றப் பெரும்பான்மையினர் கூறினர். தருக்கத்தளவில் இது பொருந்துவதே. ஆயின், தாம் கண்டதனால் ஆணையை நாடவில்லை எனச் சாட்சியம் கூறுபவர் முறைதவறிய அதே அதிகாரியன்றோ? முதலிற் பார்த்துவிட்டுப் பின்னர் அனுமதி கேட்கும் வழக்கம் வேரூன்றின், நீதவானின் கையொப்பம் ஏலவே முடிந்த செயலுக்கு இடும் முத்திரையாகிவிடும்.

சிறு எழுத்துப் பிழைக்காக ஒரு வழக்கு முழுவதையும் வீழ்த்தவேண்டும் என்பது இதன் பொருளன்று. கைதின் அடிப்படையே தவறாயின், அதிலிருந்து விளைந்த ஆணையைக் காக்கும் பொறுப்பு அரசின் மீதே சுமத்தப்படவேண்டும். ஐயத்தின் பயன் ஆட்பட்டவனைச் சார்தல் வேண்டும்.

ஆணையின் நேர்மை அது பிறந்த கணத்தில் இருந்த காரணத்தைப் பொறுத்தது. பின்னர் அகப்பட்ட பொருளைப் பொறுத்ததன்று. சிலம்பினுள் முத்துக்கள் இருந்திருப்பினும் பாண்டியன் ஆராயாதவனே. மாணிக்கப் பரல்கள் அவன் தவறை உலகுக்குக் காட்டினவேயன்றி, அதனைத் தோற்றுவிக்கவில்லை.